"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான்": சைனிக் ஸ்கூல் பத்தி தங்கச்சிமடத்து அம்மா ஒருத்தங்க கேட்டது

கேள்வி:

டீச்சருக்கு வணக்கம். எங்களுக்கு தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகுல வேலைக்குப் போறாரு. போன வருஷம் இலங்கை நேவி புடிச்சு ரெண்டு மாசம் அங்கிட்டு ஜெயில்ல இருந்துட்டு வந்தாரு. மகன் அஞ்சாவது படிக்கிறான், கணக்கு நல்லா வருதுன்னு அவங்க மிஸ் சொல்றாங்க. ராணுவத்துக்குத் தயார் பண்ற ஹாஸ்டல் பள்ளியாம், சைனிக் ஸ்கூல், அதுக்கு எழுத வைங்கன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு. ராமநாதபுரத்துல ஒரு கோச்சிங் சென்டர்ல கேட்டோம், 45,000 கட்டுனா சீட் கன்ஃபார்ம்ங்கிறாங்க. நகைய வச்சுக் கட்டிரலாம்னு இருக்கேன். மாமியார், புள்ளைய அனுப்பாதன்னு ஒரே அழுகை. எப்படியாச்சும் இவன் கடலுக்குப் போகாம இருந்தா போதும் டீச்சர். அனுப்பலாமா? அவன்கிட்ட கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான். சின்னவ பாப்பா, நாலாவது படிக்கிறா.

பதில்:

தங்கச்சி, மொதல்ல அந்த நகைய எடுத்து உள்ள வைங்க, மத்தத அப்புறம் பேசுவோம்.

சீட் கன்ஃபார்ம்னு எவன் சொன்னாலும் பொய்தான். சைனிக் ஸ்கூல் பரீட்சைய நடத்துறது நேஷனல் டெஸ்டிங் ஏஜென்சி, நீட் நடத்துறாங்கள்ல அதே ஆளுங்கதான், ஓஎம்ஆர் ஷீட்ல வட்டத்த கறுப்பாக்கணும், மெஷின் திருத்தும், அதுக்கப்புறம் ரேங்க் லிஸ்ட்டு, ஆன்லைன் கவுன்சிலிங், மெடிக்கல்னு போகும், இதுல எந்த இடத்துல ஒரு கோச்சிங் சென்டர்காரர் உள்ள பூந்து உங்க புள்ளைக்கு சீட்ட எடுத்துக் குடுக்கப் போறாரு? சில பேரு நோட்டீஸ்ல மத்திய அரசோட ஹாஸ்டல் பள்ளி நவோதயாவையும் சேத்து அடிச்சிருப்பாங்க, பாத்துக்கங்க. தமிழ்நாட்டுல நவோதயா பள்ளியே கிடையாது, வேற மாநிலத்துல இருக்கிறதும் அந்தந்த மாவட்டத்துப் புள்ளைங்களுக்குத்தான், அப்ப நம்மூருப் புள்ளைக்கு அந்தக் கோச்சிங் எதுக்குன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க, மூஞ்சி போற போக்கப் பாக்கலாம்.

பரீட்சை என்னன்னு சொல்லிடுறேன். ஆறாவதுக்கு மொத்தம் 300 மார்க், 125 கேள்வி, ரெண்டரை மணி நேரம். அதுல கணக்கு மட்டும் 50 கேள்வி, ஒண்ணுக்கு 3 மார்க், ஆக 150. பாதி மார்க்கு கணக்குலயே போயிருது. மிச்சம் மொழி, பொது அறிவு, புத்திக்கூர்மைன்னு மூணு, ஒவ்வொண்ணும் 25 கேள்வி, 50 மார்க்கு. தப்பா எழுதுனா மார்க் கொறைக்க மாட்டாங்க, அதனால ஒரு வட்டத்தக் கூட காலியா விட்டுட்டு வரக் கூடாது, இத மட்டும் புள்ளை மண்டையில ஏத்திருங்க. இன்னொரு விஷயம், இத நெறைய பேரு சொல்றதில்ல, ஆறாவது சேர்றதுக்கு எழுதுற பரீட்சைய தமிழ்லயே எழுதலாம். ஃபாரம் போடும்போது மீடியம் கேக்கும், அப்பவே தமிழ்னு குடுக்கணும். இங்கிலீஷ் தெரியாதேன்னு பயந்து ஒதுங்குற புள்ளைங்க நம்ம பக்கம் எத்தன பேரு தெரியுமா.

பாஸ் மார்க்க நம்பிறாதீங்க. ஒவ்வொரு பகுதியிலயும் 25 சதவீதம், மொத்தத்துல 40 சதவீதம், அதாவது 120 எடுத்தா தகுதி, எஸ்சி எஸ்டி புள்ளைங்களுக்கு அந்த வரம்பு இல்ல. ஆனா 120 எடுத்த புள்ளை வாசப்படியத் தாண்டியிருக்கு, அவ்ளோதான், சீட்டு ரேங்க்குக்குத்தான், அதுக்கு இன்னும் நெறைய எடுக்கணும்.

கணக்குக்கு 45,000 வேணாம். அஞ்சாவது கணக்கத் தாண்டி கொஞ்சம், பின்னம், மீசிம, மீபெகா, சதவீதம், லாப நஷ்டம், விகிதம், பரப்பளவு, நேரம் தூரம், இவ்ளோதான் விஷயம், பழைய கேள்வித்தாள் புக்கு கடையில கெடைக்குது. மிச்சம் உங்க வீட்லயே இருக்கு. அவங்க அப்பா கரைக்கு வந்ததும் என்ன நடக்குது, எறால் எத்தன கிலோ, நண்டு எத்தன கிலோ, ஏலத்துல என்ன வெல, டீசல் போக ஐஸ் போக மிச்சம் எவ்ளோ, அதுல ஓனருக்கு எவ்ளோ ஆளுக்கு எவ்ளோ, இத ஒரு நோட்ல அவனையே எழுதிப் போட விடுங்க, பத்து நாள்ல சதவீதம் வெரல் நுனிக்கு வந்துரும். நான் 22 வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ, நானும் மண்டபம் பக்கத்துப் பொண்ணுதான், கடக்கரைப் புள்ளைங்களுக்கு மனக்கணக்கு எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். புத்திக்கூர்மைப் பகுதிக்குத்தான் பழக்கம் வேணும், படத்தத் திருப்பிப் போட்டா எப்படி இருக்கும், அடுத்த எண் எது, இந்த மாதிரி, தினம் பத்து கேள்வி போட்டா போதும். கடிகாரத்த வச்சு எழுதப் பழக்குங்க, நம்ம புள்ளைங்க தோக்குறது நேரத்துலதான்.

வயசு. சேர்ற வருஷம் மார்ச் 31 அன்னிக்கு 10 வயசு முடிஞ்சிருக்கணும், 12 தாண்டியிருக்கக் கூடாது. பொறப்புச் சான்றிதழ்ல ஒரு தேதி ஸ்கூல்ல ஒரு தேதின்னு நம்ம பக்கம் சகஜம், இப்பவே ரெண்டையும் எடுத்து வச்சுப் பாருங்க, ஃபாரம் வந்தப்புறம் தாலுகா ஆபீசுக்கு ஓடிட்டு இருக்க முடியாது. சாதிச் சான்றிதழும் அப்படித்தான், நம்ம கையில இருக்கிற எம்பிசி, பிசி சான்றிதழ் மாநிலத்துக்கு, இவங்க கேக்குறது மத்திய அரசு ஓபிசி சான்றிதழ், அதுக்கு இ-சேவையில தனியா போடணும், உங்க சாதி மத்திய பட்டியல்ல இருக்கான்னும் அங்கயே பாக்கச் சொல்லுங்க. ஓபிசிக்கு 27 சதவீதம் இருக்கு, சான்றிதழ் இல்லாம அத விட்டுட்டு நிக்கிறது கொடும. மொத்த சீட்டுல 67 சதவீதம் அந்தந்த மாநிலத்துப் புள்ளைங்களுக்குங்கிறதால, நமக்கு உடுமலைப் பக்கம் அமராவதி நகர்ல இருக்கிற சைனிக் ஸ்கூல்தான் கணக்கு.

அப்புறம் காது. தங்கச்சி, இதச் சிரிக்காம கேளுங்க, கடல்லயே கெடந்து ஊறுற புள்ளைங்களுக்கு காதுல சீழ் வர்றது, ஜவ்வுல ஓட்ட விழுறது ரொம்ப சாதாரணம், நாமளும் எண்ணெய் ஊத்திட்டு விட்டுருவோம். ரேங்க் வாங்கி மெடிக்கல்ல காதால வெளிய வந்த புள்ளைய நான் பாத்திருக்கேன். பெரியாஸ்பத்திரியில காதும் கண்ணும் இப்பவே காட்டிருங்க, அவன் எங்க படிச்சாலும் அது தேவைதான்.

பணம். சைனிக் ஸ்கூல் ஃப்ரீ இல்ல, கவர்மென்ட்டுன்னு நெனச்சுட்டு நெறைய பேரு கடைசியில முழிக்கிறாங்க. ஃபீஸ், மெஸ், டிரெஸ் எல்லாம் சேந்து வருஷத்துக்கு லட்சத்தத் தாண்டிரும். வருமானத்தப் பொறுத்து தமிழ்நாடு அரசு ஸ்காலர்ஷிப் உண்டு, அதுக்கு வருமானச் சான்றிதழ் முக்கியம், ஆனா சேரும்போது கையிலிருந்து கட்டத்தான் வேணும், டெபாசிட்டும் கேப்பாங்க. கவுன்சிலிங்ல ஸ்கூல் பேரத் தேர்ந்தெடுக்கும்போது கவனம், 2022-லிருந்து தனியார் ஸ்கூல்களோட சேந்து புது சைனிக் ஸ்கூல்னு நடக்குது, பேரு ஒண்ணுதான், ஃபீஸ் வேற வேற. அமராவதி நகர்ல இருக்கிறது 1962-லிருந்து இருக்கிற பழைய ஸ்கூலு.

இப்ப உங்ககிட்ட யாருமே சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நான் நெனைக்கிற விஷயத்துக்கு வர்றேன். உங்க புள்ளை ஆறாவதுலிருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கு, 2020-ல வந்தது, அடுத்த வருஷமே இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் வந்துருச்சு, அதுல சீட் கெடச்சா ஃபீசும் ஹாஸ்டலும் அரசாங்கமே கட்டுது. சைனிக் ஸ்கூலுக்குப் போன அன்னிக்கே இது போயிருச்சு. காலேஜ் போறப்ப மாசம் 1,000 ரூபா குடுக்குற தமிழ்ப்புதல்வன், புதுமைப்பெண் திட்டமும் போயிருச்சு. நம்ம கடக்கரையில முக்காவாசிப் பேருக்குத் தெரியாத இன்னொண்ணு, சர்ச் நடத்துற எய்டட் ஸ்கூல அரசுப் பள்ளின்னே நெனச்சுட்டு இருக்காங்க, அந்த 7.5-ல எய்டட் ஸ்கூல் வராது. அதனால சைனிக் கெடைக்கலன்னா ஆறாவது எங்க சேக்கப் போறீங்கங்கிறதும் பெரிய கேள்வி, அத அசால்ட்டா முடிவு பண்ணிறாதீங்க. ஒன்பதாவதுக்கு மேல மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு அரசு மாதிரிப் பள்ளி இருக்கு, அரசுப் பள்ளிப் புள்ளைங்கள்ல இருந்து எடுக்குறாங்க, ஹாஸ்டலோட, காசு கெடையாது. டாக்டர், இன்ஜினியர்னு மனசுல வச்சுக்கிட்டு சைனிக் பக்கம் போறீங்கன்னா கையில இருக்கிற தூண்டில போட்டுட்டு வலைக்கு அலையுற கததான்.

சைனிக் ஸ்கூல் எதுக்குன்னா ராணுவ அதிகாரியாக்குறதுக்கு. பன்னெண்டாவது முடிச்சு என்டிஏ எழுதணும் (பரீட்சை நடத்துறவங்க பேரும் என்டிஏதான், கொழம்பிக்காதீங்க, இது நேஷனல் டிஃபென்ஸ் அகாடமி, புனே பக்கம் கடக்வாஸ்லாவுல இருக்கு). ராணுவத்துல சேந்தே ஆகணும்னு கட்டாயம் ஒண்ணுமில்ல, சேராதவங்கதான் ஜாஸ்தி, அவங்களும் நல்லா இருக்காங்க. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, புள்ளை கடலுக்குப் போகக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க, அந்த அகாடமியில இருந்து நேவிக்கும் எடுப்பாங்க. உச்சிப்புளியில நேவிக்காரங்க விமான தளம் இருக்குல்ல, ஐஎன்எஸ் பருந்து, அங்கிருந்து கெளம்புறது தலைக்கு மேல போகும்போது உங்க புள்ளை அண்ணாந்து பாக்குறானா, பாத்துட்டு எதாச்சும் கேக்குறானா? நான் சும்மா கேக்கல, அதுக்குப் பதில் உங்களுக்குத் தெரிஞ்சா பாதி முடிவு வந்துரும்.

ஏன்னா உங்க லெட்டர நான் மூணு தடவ படிச்சேன். வீட்டுக்காரர் ஜெயிலு இருக்கு, மாமியார் அழுகை இருக்கு, நகை இருக்கு, பக்கத்து வீட்டு அண்ணன் இருக்காரு. புள்ளை வர்றது ரெண்டே இடத்துல, கணக்கு நல்லா வரும்ங்கிறதும், ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்கிறதும். எனக்கு அந்த ரெண்டாவதுதான் உறுத்துது.

நான் வேல பாத்தது மலைப்பக்கம் ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூலு, ஒம்பது வருஷம் சின்னப் பசங்க ஹாஸ்டலையும் பாத்துக்கிட்டேன். தொண்டிப் பக்கத்துலருந்து ஒரு பய வந்தான், ஆறாவதுக்கு. கெட்டிக்காரன். மொத ரெண்டு வாரம் அழவே இல்ல, எல்லாரும் அவன மெச்சுனோம். மூணாவது வாரம் பாத்தா விடியக்கால நாலு மணிக்கு பாத்ரூம்ல தண்ணி சத்தம், போய்ப் பாத்தா பெட்ஷீட்ட தொவைச்சிட்டு இருக்கான், ராத்திரி படுக்கையில போயிடுறான், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. அப்ப எங்க ஸ்கூல்ல மொத மாசம் வீட்டுக்கு போன் கெடையாதுன்னு ஒரு ரூல், அவங்க அம்மா கேட்டப்ப நாந்தான் சொன்னேன், பேசுனா இன்னும் ஏங்கிரும்மா, பொறுத்துக்கங்கன்னு. இன்னிக்கும் அது எனக்கு உறுத்தும். அந்தப் பய ஒரு நாள் என்கிட்ட கேட்டான், டீச்சர், வீட்ல நான் என்ன தப்பு பண்ணேன்னு அனுப்புனாங்க? அவங்க அப்பாவுக்கும் ஏதோ படகுப் பிரச்சன, வீடே கலங்கிக் கெடந்த நேரத்துல அவன பஸ் ஏத்தியிருக்காங்க. பத்து வயசுப் புள்ளை அத வேற எப்படிப் புரிஞ்சுக்கும்? எட்டாவதோட டிசி வாங்கிட்டுப் போயிட்டான், இப்ப ஐஸ் கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கான், நல்லாத்தான் இருக்கான், ஒண்ணும் கெட்டுப் போகல.

அதே வருஷம் இன்னொருத்தன், இவன் தானா ஆசப்பட்டு வந்தவன், பத்து நாளு ஊரக் கூட்டுற மாதிரி அழுதான், பதினோராவது நாளு ஹாக்கி மட்டையோட ஓடிட்டான். அழுகுறது பிரச்சனையே இல்ல தங்கச்சி. அழாத புள்ளையத்தான் கவனிக்கணும்.

அங்க போனா நாள் எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியணும். விடியறதுக்கு முன்னாடி விசில், பிடி, குளியலுக்கு லைன், ஷூவுக்குப் பாலிஷ், கிளாஸ், சாயங்காலம் வெளையாட்டு, ராத்திரி பிரெப்புன்னு உக்காந்து படிக்கணும், எல்லாத்துக்கும் மணி. சின்ன வயசுல இது நெறைய புள்ளைங்களுக்குப் புடிச்சும் போகும், நீச்சல்ல நம்ம பசங்கள அடிச்சுக்க ஆளே கெடையாது, அதுலயே பேரு வாங்கிருவாங்க. சாப்பாடுதான் மொத அடி, தெனமும் மீன் சாப்ட்ட நாக்கு, அங்க மெஸ்ல ரொட்டியும் பருப்பும். ஆசையா கருவாடு வறுத்து பெட்டியில வச்சு அனுப்பாதீங்க, பாவம், பசங்க மீன்நாத்தம்னு பட்டப்பேரு வச்சு ஒரு வருஷம் ஓட்டுவாங்க, நான் கண்ணால பாத்தது. எவனாச்சும் கேலி பண்ணா, அடிச்சா, யார்கிட்ட போய்ச் சொல்லணும், அந்த ஆளு பேரு என்ன, அவர்கிட்ட போறதுக்கு சீனியரக் கேட்டுத்தான் போகணுமா, இத ஸ்கூலப் பாக்கப் போறப்ப நீங்களே நேர்ல கேளுங்க. பதில் சொல்லத் தயங்குற ஸ்கூல்னா யோசிங்க.

இங்கிலீஷும் மார்க்கும். பரீட்சைய தமிழ்ல எழுதலாம், ஆனா அங்க பாடம் இங்கிலீஷ்ல, சிபிஎஸ்இ. அறிவியல் கணக்கு எல்லாம் தெரியும், கேள்வி புரியாது. இங்க கிளாஸ் ஃபர்ஸ்ட்டு வந்தவன் அங்க மொதப் பரீட்சையில கடைசி வரிசைக்குப் போவான், ஏன்னா அங்க வந்த எல்லாரும் எங்கயோ ஃபர்ஸ்ட்டு வந்தவங்கதான். ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம் எடுக்கும், அப்புறம் ஏறிருவான். அந்த ஆறு மாசத்துல போன்ல "நகைய வச்சு அனுப்புனேனே"ன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லிட்டீங்கன்னா போச்சு. அதனாலயும்தான் நகைய உள்ள வைங்கன்னேன்.

கோச்சிங் நோட்டீஸ் எல்லாத்துலயும் கலாம் ஐயா படம் இருக்கும். அவரும் ராமேஸ்வரத்த விட்டு வெளிய தங்கிப் படிச்சவர்தான், உண்மதான், ஆனா அவர் போனது ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் ஸ்கூலுக்கு, பாலத்தத் தாண்டுனா ஒரு மணி நேரம். அமராவதி நகர் 300 கிலோமீட்டருக்கு மேல, மதுரை, பழனி, உடுமலைன்னு மாறி மாறிப் போகணும். புள்ளைக்குக் காய்ச்சல்னா ராத்திரி கெளம்பி விடியத்தான் போய்ச் சேருவீங்க.

சரி, என்ன செய்யலாம்? அனுப்பலாமா வேணாமான்னு இப்ப முடிவு பண்ணாதீங்க, பரீட்சைய மட்டும் எழுத வைங்க, ஃபாரத்துக்கு சில நூறு ரூபாதான். நோட்டிஃபிகேஷன் பெரும்பாலும் வருஷக் கடைசியில வரும், பரீட்சை ஜனவரிய ஒட்டி இருக்கும், 2025-ல மட்டும் ஏப்ரல் 5-க்குப் போச்சு, அதனால வெப்சைட்ட பாத்துக்கிட்டே இருங்க. கெடைக்கலன்னா வயசு இருந்தா அடுத்த வருஷம், இல்லன்னா ஒன்பதாவதுக்கு ஒரு வாசல் இருக்கு, ஆனா அந்தப் பரீட்சைக்கு இங்கிலீஷ் பலமா வேணும்.

நடுவுல புள்ளைகிட்ட "போறியா"ன்னு கேக்குறத நிறுத்துங்க. அந்தக் கேள்விக்கு அவன் என்ன சொன்னாலும் வீட்ல யாராச்சும் ஒருத்தர் அழுவீங்க, அது அவனுக்குத் தெரியும், அதான் வாயத் தொறக்க மாட்டேங்குறான். லீவுல பத்து நாள் சித்தி வீடோ அத்தை வீடோ, கொஞ்சம் தள்ளியிருக்கிற ஊர்ல தனியா விட்டுப் பாருங்க, நீங்க கூடப் போகாம. எப்படித் தூங்குறான், எப்படிச் சாப்புடுறான், துணிய மடிச்சு வைக்கிறானா பாருங்க. படகு போகாத நாளாப் பாத்து அவங்க அப்பா அவனக் கூட்டிட்டுப் போய் ஸ்கூலக் காட்டிட்டு வரட்டும். நீங்க வேணாம், அப்பா போகட்டும். போறப்ப அந்த ரெண்டு மாசத்தப் பத்தி அவரு அவன்கிட்ட பேசட்டும். வீட்ல யாரும் அதப் பத்தி அவன்கிட்ட பேசியிருக்க மாட்டீங்கன்னுதான் எனக்குத் தோணுது. அப்பா திரும்பி வந்துட்டாரு, இனி நான் போகணுமாங்கிற கேள்வி அவன் மனசுல இருந்தா, அது மொதல்ல கரையணும், அப்புறம்தான் ஸ்கூலு.

மாமியார் அழுகுறத விடுங்க, பாட்டின்னா அழத்தான் செய்வாங்க. அவங்களையும் அவன் கணக்கு நோட்டுல ஒரு கை வைக்கச் சொல்லுங்க, மீன் வெல அவங்களுக்குத்தான் சரியாத் தெரியும்.

கடைசியா ஒண்ணு. சின்னவ நாலாவது படிக்கிறான்னு போற போக்குல எழுதியிருக்கீங்க. 2021-லிருந்து சைனிக் ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்களையும் ஆறாவதுக்கு எடுக்குறாங்க, 10 சதவீதம் இல்லன்னா 10 சீட்டு, எது ஜாஸ்தியோ அது. அவளுக்குக் கணக்கு எப்படின்னு எழுதல, போகணும்னு ஆசையான்னும் எழுதல, அண்ணன் கூட உக்காந்து அவளும் அந்த ஏலக் கணக்கப் போடட்டும், அவ பொறந்த தேதிய அடுத்த லெட்டர்ல எழுதுங்க, எந்த வருஷம் எழுதலாம்னு பாத்துச் சொல்றேன்.